சிறுதோட்டத்துக் கலவைச் சிவப்பு ஒயின்: யாரா பள்ளத்தாக்கை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் பாட்டில்களில் பெரும்பாலும் ஒரே ஒரு திராட்சையின் பெயர்தான் லேபிளில் பெரிதாக இருக்கும். ஷிராஸ், கேபர்னே சாவிஞான், பினோ நுவா என்று ஏதாவது ஒன்று. இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்து வந்தாலோ, திராட்சையின் பெயரே காணாமல் போனாலோ புதிதாக ஒயின் பழகுபவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. மிச்சம் மீதியை ஊற்றிக் கலந்திருப்பார்களோ? மலிவான ஒயின்களில் அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கத்தக்க ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்களில் கணிசமானவை கலவைகள்தான். அதிலும் ஒரே சிறிய தோட்டத்தில் விளைந்த பல வகைத் திராட்சைகளைச் சேர்த்துச் செய்து, பல ஆண்டுகள் படுக்க வைத்த கலவை ஒரு தனி ரகம். அது எப்படி உருவாகிறது, வயதானால் அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், சிவப்பு ஒயின் என்கிற விஷயத்தில் பாதி தெளிந்துவிடும் என்பது என் எண்ணம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் விக்டோரியா மாநிலத்தின் யாரா பள்ளத்தாக்கில் உள்ள யாரா யெரிங் தோட்டம்.

மெல்பேர்னிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது யாரா பள்ளத்தாக்கு. அங்கே 1838-லேயே திராட்சைக் கொடி நட்டுவிட்டார்கள். பின்னால் வந்து குடியேறிய சுவிட்சர்லாந்துக் குடும்பங்கள் அந்தத் தொழிலைப் பெரிதாக்கின. 1889-ல் பாரிஸ் கண்காட்சியில் அந்தப் பள்ளத்தாக்கின் ஒயினுக்குப் பெரிய பரிசும் கிடைத்தது. அப்புறம் எல்லாம் சரிந்தது. 1890-களில் பொருளாதாரம் முடங்கியது. மக்களின் ருசி, பிராந்தி சேர்த்த கனமான இனிப்பு ஒயின்களின் பக்கம் திரும்பியது. குளிர்ந்த இடத்தில் மெதுவாகப் பழுக்கும் திராட்சையைத் தேடி யாரும் வரவில்லை. 1920-களின் தொடக்கத்தில் கொடிகள் போய் அந்த நிலமெல்லாம் பால்மாடுகளின் மேய்ச்சல் நிலமாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

1969-ல் பெய்லி கரோடஸ் என்பவர் அங்கே சுமார் 30 ஏக்கர் நிலத்தில் மறுபடி கொடி நட்டார். நியூசிலாந்தில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கிய தாவர உடலியல் அறிஞர். செடிக்கு என்ன வேண்டும் என்று படித்தவர் என்பதால் இடத்தை நிதானமாகத் தேர்ந்தெடுத்தார். வடக்கு நோக்கிச் சரியும் மேடு, அடியில் சரளைக் கல் கலந்த ஆழமான மண். தெற்கு அரைக்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்தே போகும், எனவே குளிர்ப் பகுதியில் வடக்குச் சரிவுதான் திராட்சையைப் பழுக்க வைக்கும். கொடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வழக்கம் அங்கே இல்லை. மழையை நம்பி வேர் ஆழமாகப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1973-ல் அந்தத் தோட்டத்தின் முதல் அறுவடை ஒயினானது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு யாராவில் விற்பனைக்கு வந்த முதல் ஒயினும் அதுதான்.

அந்த ஒயின்களுக்கு அவர் வைத்த பெயர்கள் மிகச் சாதாரணமானவை. ட்ரை ரெட் ஒயின் நம்பர் 1, ட்ரை ரெட் ஒயின் நம்பர் 2. நம்பர் 1 என்பது கேபர்னே சாவிஞானை முதுகெலும்பாக வைத்து, மெர்லோ, மால்பெக், பெத்தி வெர்தோ ஆகியவற்றைச் சேர்த்த கலவை. பிரான்சின் போர்தோ பகுதியில் பழக்கமான கூட்டணி. நம்பர் 2 ஷிராஸை மையமாகக் கொண்டது. நம்பர் 1-ஐ வைத்தே மற்றதைப் பேசுவோம்.

கலப்பது என்றால் என்ன?

திராட்சை வகைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலமும் ஒரு குறையும் உண்டு. கேபர்னே சாவிஞான் பழம் சிறியது, தோல் தடிமன், சதைக்கு அதிக விதை. தோலிலும் விதையிலும்தான் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பால் சேர்க்காத கடுந்தேநீரைக் குடித்தால் நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துப் பிடிக்குமே, அதே வேலையைச் செய்வது இந்த டானின்தான். எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழுவழுப்பை அது எடுத்துவிடுகிறது. கேபர்னேயில் இது தாராளமாக இருப்பதால்தான் அந்த ஒயின் நீண்ட நாள் தாங்குகிறது. ஆனால் தனியாகக் குடித்தால் ஒரு விஷயம் தெரியும். வாயில் வைத்ததும் கருந்திராட்சை மணம் வருகிறது, விழுங்கியபின் துவர்ப்பு நிற்கிறது, நடுவில் ஏதோ காலியாக இருக்கிறது.

அந்த நடுவை நிரப்பத்தான் மற்றவை. மெர்லோவின் டானின் மென்மை, சதைப்பற்று அதிகம். மால்பெக் கருநிறத்தையும், நாவல்பழச் சாயல் கொண்ட கனத்தையும் கொடுக்கும். பெத்தி வெர்தோவில் நிறம், புளிப்பு, துவர்ப்பு மூன்றுமே அதிகம். கொஞ்சம் சேர்த்தாலே தெரியும், கூடிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நம்பர் 1-ல் அது சிறு அளவில்தான் போகிறது.

ருசி மட்டும் காரணமில்லை, வானிலையும் ஒரு காரணம். குளிர்ப் பகுதியில் ஒரே ஒரு வகையை மட்டும் நம்பியிருப்பது சூதாட்டம். மெர்லோ முன்னதாகப் பூக்கும். பூக்கும் வாரத்தில் குளிரும் மழையும் வந்தால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். கேபர்னே பிந்திப் பழுக்கும். அறுவடைக்கு முன் மழை பிடித்துக்கொண்டால் பச்சை மிளகாய்க் காம்பு வாசனையோடு நின்றுவிடும். பெத்தி வெர்தோ அதைவிடவும் தாமதம். பல வகை நட்டவருக்கு ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். இந்த ஆண்டு மெர்லோவைக் குறை, மால்பெக்கைக் கூட்டு என்று விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம். அதனால் ஒரே பெயரில் வரும் கலவையில் ஆண்டுக்கு ஆண்டு அளவு ஒன்றாக இருக்காது.

இங்கேதான் சிறுதோட்டத்துக்கும் பெரிய நிறுவனத்துக்கும் வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் மிகவும் கொண்டாடப்பட்ட சிவப்பு ஒயின்களில் ஒன்று பென்ஃபோல்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம் 1962-ல் செய்த ‘பின் 60ஏ’ (Bin 60A) என்ற ஒயின். மேக்ஸ் ஷூபர்ட் என்ற ஒயின் கலைஞர், தெற்கு ஆஸ்திரேலியாவின் குனாவாராவில் விளைந்த கேபர்னேயையும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி பரோசா பள்ளத்தாக்கில் விளைந்த ஷிராஸையும் சேர்த்துச் செய்தார். கேபர்னேயோடு ஷிராஸைக் கலப்பது அந்த நாட்டின் சொந்தப் பாணி. போர்தோவில் மெர்லோ செய்கிற வேலையை இங்கே ஷிராஸ் செய்கிறது. பெரிய நிறுவனத்துக்கு நாடு முழுவதும் தோட்டம் இருக்கிறது, எங்கே நன்றாக விளைந்ததோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். 30 ஏக்கர்க்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய கலவை, கொடி நடும் நாளிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. எந்த வகை எத்தனை வரிசை என்று நடும்போது எடுத்த முடிவுக்குள்தான் பின்வரும் ஆண்டுகளிலும் பெரும்பாலும் விளையாட வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் இந்த ஒயின்களில் மதிக்கிறேன். குறை வந்தால் வெளியிலிருந்து வாங்கி மறைக்க வழியில்லை, ஆகவே அந்த ஆண்டின் மழையும் வெயிலும் அப்படியே பாட்டிலுக்குள் போகின்றன.

லேபிள் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆஸ்திரேலியச் சட்டப்படி ஒரு திராட்சையின் பெயரை மட்டும் போட்டால் ஒயினில் குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும். பல பெயர்கள் போட்டால் அதிகம் உள்ளது முதலில் வரும். ‘கேபர்னே ஷிராஸ்’ என்றால் கேபர்னே அதிகம், ‘ஷிராஸ் கேபர்னே’ என்றால் ஷிராஸ் அதிகம். வருடம் என்பது அறுவடை நடந்த வருடம். அங்கே இலையுதிர்காலம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருவதால், ஒரே ஆண்டு எண் போட்ட ஐரோப்பிய ஒயினைவிட ஆஸ்திரேலிய ஒயின் ஏறக்குறைய ஆறு மாதம் மூத்தது.

சரி, இனி பழம் ஒயினாவது. பறித்த பழத்தை வகை வகையாகத் தனித்தனியே நொதிக்க வைப்பார்கள். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக மாற்றும். அந்த நாட்களில் தோல் சாறோடு ஊறிக்கொண்டே இருப்பதால்தான் நிறமும் டானினும் இறங்குகின்றன. கரோடஸ் இதற்காகத் தானே வடிவமைத்த தொட்டிகள் புகழ்பெற்றவை. உள்ளே துருப்பிடிக்காத எஃகுத் தகடு பதித்த, அரை டன் பழம் கொள்ளும் சதுர மரப்பெட்டிகள். முன்பெல்லாம் தேயிலை ஏற்றுமதியான மரப்பெட்டியின் அதே வடிவம், பெயரும் தேயிலைப் பெட்டிதான். இன்றும் அங்கே அவற்றில்தான் ஒயின் நொதிக்கிறது. ஒரு டன் பழத்தில் 600 முதல் 700 லிட்டர் வரை ஒயின் கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆக, ஒரு பெட்டி என்பது சுமார் 400 பாட்டில். பெரிய ஆலைகளின் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இவ்வளவு சிறிய அளவில் செய்தால் தோட்டத்தின் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாக ருசி பார்க்கலாம். மேல்வரிசை மால்பெக் ஒரு பெட்டி, கீழ்வரிசை மால்பெக் இன்னொரு பெட்டி. கலக்கிறவர் கையில் இருக்கும் துண்டுகள் எவ்வளவு சிறியவையோ, அவ்வளவு நுணுக்கமாகக் கலக்க முடியும்.

அப்புறம் ஓக் பீப்பாய். வழக்கமான அளவு 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். ஒன்றரை ஆண்டு அளவுக்கு அதில் இருக்கும்போது மரத்தின் வழியாக மிகக் கொஞ்சமாக ஆக்சிஜன் உள்ளே போகும், புதுப் பீப்பாயாக இருந்தால் வனிலா, கிராம்பு போன்ற மணமும் சேரும்.

பாட்டிலுக்குள் நடப்பது

வயதாவதை ஏதோ மாயம் போலப் பேசுகிறார்கள். மாயமில்லை, மெதுவாக நடக்கும் வேதியியல். ஆனால் தெரிந்துகொண்டபின் எனக்கு அதன்மேல் வியப்பு கூடித்தான் போனது.

இளம் சிவப்பு ஒயினின் ஊதா நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. இது தனியாக இருந்தால் நிலைக்காது, சில ஆண்டுகளில் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆனால் டானினோடு இணைந்துகொண்டால் தாங்கும். அந்த இணைப்புக்குச் சிறிதளவு ஆக்சிஜன் உதவுகிறது. பீப்பாயில் நுழைந்த காற்றும், பிறகு கார்க் வழியாக ஆண்டுக்கணக்கில் கசியும் துளியும் அதற்குத்தான். இணைந்து இணைந்து மூலக்கூறு பெரிதாகும், நிறம் ஊதாவிலிருந்து மாதுளைச் சிவப்பாகி, பிறகு செங்கல் நிறத்துக்குப் போகும். கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். நடுப்பகுதி இன்னும் அடர்சிவப்பாக இருக்கும்போதே ஓரம் செம்மண் நிறமாகியிருக்கும். ஒயினின் வயதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்த ஓரம்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக, கரைந்திருக்க முடியாத அளவுக்குப் பெரிதானவை அடியில் படிந்துவிடுகின்றன. பழைய பாட்டிலில் காணும் கரிய வண்டல் அதுதான், கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. மிச்சமிருக்கும் டானினும் முன்போல் நாக்கைப் பிடித்து இழுப்பதில்லை. முரட்டுத் துவர்ப்பு பட்டுப் போன்ற பிடிப்பாக மாறுகிறது.

மணமும் மாறுகிறது. இளம் ஒயினில் பழமணம்தான் முதலில் நிற்கும்: கருந்திராட்சை, பிளம், நாவல். அந்த மணத்தைத் தரும் சேர்மங்களில் பல காலப்போக்கில் சிதைகின்றன. அவற்றின் இடத்தில் தேவதாரு, சுருட்டுப் பெட்டி, பதப்படுத்திய தோல், மழை நனைத்த இலைச்சருகு, காளான் என்று வேறொரு வரிசை மேலே வருகிறது. ஆஸ்திரேலிய ஒயின்கள் சிலவற்றில் லேசான யூகலிப்டஸ் மணம் வரும். தைல மரங்கள் தோட்டத்தை ஒட்டி நிற்கும்போது அவற்றின் எண்ணெயில் உள்ள சினியோல் பழத்தோலில் படிகிறது, பறிக்கும்போது தைல இலைகளும் குலைகளோடு வந்துவிடுகின்றன. எத்தனை ஆண்டானாலும் அது முழுதாகப் போவதில்லை.

கலவைக்கும் காலத்துக்கும் உள்ள உறவு இதில்தான் தெரியும். பாட்டிலில் அடைத்த புதிதில் ஒவ்வொரு திராட்சையும் தனித்தனியே தெரியலாம். இது கேபர்னேயின் துவர்ப்பு, இது மால்பெக்கின் கனம் என்று பிரித்துச் சொல்ல முடியும். இடையில் சில ஆண்டுகள் எதுவும் வெளியே தெரியாமல் மூடிக்கொள்வதும் உண்டு. ஐந்தாவது ஆண்டில் திறந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஒயினில் பிரித்துச் சொல்ல எதுவும் இருக்காது. ஒரு திராட்சையின் டானின் இன்னொன்றின் நிறமியோடு சேர்ந்துவிட்டது. கலக்கிறவர் தொடங்கி வைத்ததைப் பாட்டில் முடித்து வைக்கிறது. அதனால்தான் நல்ல கலவை ஒயினை வந்த ஆண்டிலேயே குடித்துத் தீர்ப்பளிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லா ஒயினும் இப்படி ஆகாது. கடையில் விற்பதில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் குடிக்கச் செய்தது. வைத்திருந்தால் பழமணம் போகும், புதிதாக எதுவும் வராது. வயது தாங்க டானின் வேண்டும், புளிப்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அடர்த்தியான பழச்சுவை வேண்டும். குறைந்த விளைச்சல் தரும் முதிர்ந்த கொடியும் மெதுவாகப் பழுக்க வைக்கும் குளிர்ந்த காலநிலையும் இந்த மூன்றையும் ஒன்றாகக் கொடுக்கும். யாராவின் பழைய தோட்டங்கள் நன்றாக முதிர்வதற்கு இதுவே காரணம்.

அந்தப் பள்ளத்தாக்குக்குச் சோதனைகளும் குறைவில்லை. 2006-ல் அங்கே ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பேன் கண்டுபிடிக்கப்பட்டது. ஒட்டுப்போடாமல் சொந்த வேரில் நிற்கும் கொடியை அது மெல்ல மெல்லக் கொன்றுவிடும், மருந்து கிடையாது. எதிர்ப்புள்ள அமெரிக்க வேரில் ஒட்டிப் புதிதாக நடுவது மட்டுமே வழி. நாற்பது, ஐம்பது வயதுக் கொடிகளை வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனி. விக்டோரியாவில் 173 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீ. யாராவில் அறுவடைக்குச் சில வாரங்களே இருந்தன. தீ தொடாத தோட்டங்களிலும் புகை படிந்தது. புகையில் உள்ள பொருட்கள் பழத்தின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும். பழத்தைக் கடித்தால் அவ்வளவாகத் தெரியாது, நொதிக்கும்போதும் பிறகு பாட்டிலில் கிடக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்து சாம்பல் சுவையைத் தரும். வைத்து முதிர்விக்கும் ஒயினுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. பலர் அந்த ஆண்டுச் சிவப்பு ஒயினையே கைவிட்டார்கள்.

கரோடஸ் அதைப் பார்க்கவில்லை, 2008-லேயே காலமாகிவிட்டார். 2013-ல் சேரா குரோ அங்கே ஒயின் செய்யும் பொறுப்பை ஏற்றார். ஆஸ்திரேலிய ஒயின் விமர்சகர் ஜேம்ஸ் ஹாலிடேயின் பெயரில் வரும் ஒயின் வழிகாட்டி 2017-க்கான சிறந்த ஒயின் கலைஞராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

வாங்குவதும் திறப்பதும்

பழைய பாட்டில் வாங்கும்போது ஆண்டைவிட, இத்தனை நாள் எங்கே இருந்தது என்பதே முக்கியம். 12 முதல் 15 டிகிரி வெப்பம், ஏற்ற இறக்கம் இல்லாமல், இருட்டில், கார்க் நனைந்திருக்கும்படி படுக்கை வசத்தில் கிடந்திருக்க வேண்டும். வெயில் அடிக்கும் அறையில் சில கோடைகள் கழித்த பாட்டிலில் பழமணம் வெந்துபோயிருக்கும். பாட்டிலை நிமிர்த்தி ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தில் நின்றால் நல்லது. இருபது ஆண்டான பாட்டிலில் கழுத்தின் அடி வரை இறங்கியிருந்தால் இயல்புதான். தோளுக்குக் கீழே போயிருந்தால் காற்று புகுந்திருக்கிறது, விட்டுவிடுவது நல்லது. 2000-க்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் திருகு மூடி பரவலாகிவிட்டது. கௌரவக் குறைவு என்று நினைக்க வேண்டாம். கெட்ட கார்க்கினால் வரும் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அதில் வராது, ஒயின் முதிர்வதும் நிற்பதில்லை.

குடிப்பதற்கு முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். இருபது ஆண்டு கடந்த கார்க் பொடிந்துவிடும், ஆகவே சாதாரணத் திருகியை மெதுவாக, முழு ஆழத்துக்கு இறக்கி இழுக்க வேண்டும். இரண்டு தகடுகளைக் கார்க்கின் பக்கவாட்டில் இறக்கித் தூக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, கண்ணாடிக் குடுவையில் ஒரே சீராக ஊற்றுங்கள். கரிய கோடு கழுத்தை நோக்கி நகர்வது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இளம் ஒயினைக் குடுவையில் ஊற்றி மணிக்கணக்கில் காற்றாட விடுவார்கள். பழையதற்கு அது ஆகாது. முதல் பத்து நிமிடம் ஒயின் அடங்கி இருக்கும், அப்புறம் விரியும், ஓரிரு மணி நேரத்தில் சில பாட்டில்கள் தளர்ந்தும் போய்விடும். அதனால் ஊற்றியதும் குடிக்கத் தொடங்குங்கள். 16 முதல் 18 டிகிரி சரியான பதம். நம் ஊர் அறை வெப்பத்தில் சாராய நெடிதான் முன்னால் நிற்கும், இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பது தவறில்லை. சாப்பாட்டில் மிளகாய்க் காரம் வேண்டாம். காரம் சாராயத்தின் எரிச்சலையும் டானினின் துவர்ப்பையும் கூட்டிக் காட்டும், இருபது ஆண்டில் வந்த மென்மை ஒரே கவளத்தில் மறைந்துவிடும். மிளகும் உப்பும் மட்டும் போட்டு மெதுவாகச் சுட்ட ஆட்டிறைச்சியோ, வெண்ணெயில் வதக்கிய காளானோ பொருந்தும். மிஞ்சியதை மறுநாளைக்கு மூடி வைத்தால் பாதி மணம் போயிருக்கும். நான்கு பேர் சேர்ந்திருக்கும் மாலையில் திறந்தால் அந்தக் கவலையும் இல்லை.